குள்ளநரி வகைகளைப் பிரித்தறிய ட்ரெயில் கேமரா: 850 நல்லதா, 940 நல்லதா?

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் '30 மெகாபிக்சல்' என்பதை நம்பி ட்ரெயில் கேமரா (விலங்கு கடக்கும்போது தானே படம் எடுக்கும் கேமரா) வாங்காதீர்கள். பெரும்பாலான மாடல்களில் சென்சாரின் உண்மையான அளவு அதைவிட மிகக் குறைவு. மிச்சத்தை மென்பொருள் ஊதிப் பெருக்குகிறது. குள்ளநரிக்குப் பார்க்க வேண்டியவை இரவு விளக்கின் அலைநீளமும் ஷட்டர் வேகமும்தான்.

850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கு எரியும்போது மங்கலான சிவப்பு தெரியும். 940 கண்ணுக்கே தெரியாது. ஆனால் அந்த ஒளியை சென்சார் குறைவாகவே வாங்கும். அதை ஈடுகட்ட ஷட்டர் கூடுதல் நேரம் திறந்திருக்கும். குள்ளநரியோ ஓட்டநடையில் போகும் பிராணி. வால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் கீற்றுதான் மிஞ்சும். வால்நுனிதானே பாதி அடையாளம்!

ஆசியாவில் இந்தக் கவலை குறைவு. அங்கே இருப்பது பொன்னிறக் குள்ளநரி மட்டுமே. பெரும்பாலும் நாயிலிருந்தும் செந்நரியிலிருந்தும் அதைப் பிரித்தால் போதும். செந்நரிக்கு வால் நீளம், நுனி வழக்கமாக வெள்ளை. பொன்னிறக் குள்ளநரிக்கு வால் குட்டை, நுனி கருப்பு. இதற்கு 940 தாராளமாகப் போதும்.

கேமராவுக்கு உண்மையான சோதனை கிழக்கு ஆப்பிரிக்காவில்தான். கருமுதுகுக் குள்ளநரி, பக்கவரிக் குள்ளநரி, ஆப்பிரிக்கப் பொன்னிற ஓநாய் மூன்றும் அங்கே உண்டு. கடைசியாகச் சொன்னதை 2015 மரபணு ஆய்வுக்கு முன்பு பொன்னிறக் குள்ளநரி என்றே எண்ணியிருந்தார்கள். எடை மூன்றுக்கும் ஏறக்குறைய 6 முதல் 15 கிலோவுக்குள், அதனால் உருவ அளவை வைத்து முடிவு கட்ட முடியாது.

இரவுப் படத்தில் நிறம் இருக்காது. கருமுதுகின் முதுகுப் போர்வை, அதாவது முதுகை மூடிய கருமுடி, பிடரி முதல் வால் அடிவரை வெட்டினாற்போல் விளிம்போடு இருப்பதால் கருப்பு வெள்ளையிலும் தெரியும். காது பெரியது, கூரானது. பக்கவரிக்குக் காது குட்டை, நுனி சற்று உருண்டை. பெயருக்குக் காரணமான வரி பல விலங்குகளில் மிக மங்கல், அதை நம்ப வேண்டாம். அதன் வால்நுனி பெரும்பாலும் வெள்ளை, 850இல் பளிச்சென்று தெறிக்கும். ஓநாய்க்குக் கால் நீளம், போர்வை விளிம்பு தெளிவில்லை, வால்நுனி கருப்பு. ஆகவே இங்கே 850தான் என் தேர்வு. ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் மட்டும் 940. சிவப்பு ஒளி திருடனுக்கு வழிகாட்டும்.

கேமராவை 40 முதல் 50 செ.மீ. உயரத்தில், தடத்திலிருந்து 3 அல்லது 4 மீட்டர் தள்ளி, தடத்துக்கு 45 பாகைச் சாய்வில் கட்டுங்கள். நேர்குறுக்காக வைத்தால் பின்கால் மட்டுமே சிக்கும். 2 மீட்டருக்குள் வந்தால் ஒளி மிகுந்து சாம்பல் முடியும் வெள்ளை முடியும் ஒன்றாக வெளுத்துவிடும். ஒவ்வொரு முறை அசைவு கேமராவைத் தூண்டும்போதும் மூன்று படம் எடுக்கும்படி வையுங்கள். முன்னால் உள்ள புல்லை வெட்டாவிட்டால் காற்று அசைவிலேயே மெமரி கார்டு நிரம்பும். உச்சிவெயிலில் தரையின் சூடு உடல் சூட்டை நெருங்கும்போது, உடல் சூட்டின் அசைவை உணர்ந்து கேமராவைத் தூண்டும் சென்சார் விலங்கைத் தவறவிடும். அது எல்லா மாடலுக்கும் பொது.

பேட்டரிக்கு லித்தியம் ஏஏ போடுங்கள். ஆல்கலைனில் மின்னழுத்தம் இறங்க இறங்க முதலில் பலவீனமாவது இரவு விளக்குதான். பகல் படங்கள் நன்றாகவே வருவதால் இந்தக் கோளாறு வெகு நாள் கண்ணில் படாது.