வாத்து முட்டை பொரிக்க: அடைக்கோழியா, மணிலா வாத்தா, பல்புப் பெட்டியா?

பெங்களூரில் கோழி வளர்க்கும் நம் ஆட்களுக்குக் குறைவில்லை. ஸ்ரீராமபுரத்து ஷீட் வீட்டு மாடியிலும் கே.ஆர்.புரம், ஹொரமாவு பக்கத்துச் சின்னத் தோட்டங்களிலும் கூண்டு வைத்திருப்பவர்களிடம் நாலு வாத்து முட்டை வந்து சேர்ந்தால் எழும் முதல் கேள்வி: "மெஷின் வாங்காமல் பொரிக்க முடியுமா?" நிச்சயம் முடியும். அடைக்கோழி, மணிலா வாத்து, தெர்மோகோல் பெட்டிக்குள் பல்பு என்று மூன்று வழிகள் இருக்கின்றன. இவற்றை ஒப்பிடும்போது எல்லோரும் சூட்டைப் பற்றியே பேசுகிறார்கள். வாத்து முட்டையின் கதியை முடிவு செய்வது ஈரம் என்பது என் உறுதியான எண்ணம். சூட்டைப் பொறுத்தவரை மூன்றும் தேறிவிடும்; ஈரத்தில்தான் வேறுபாடு தெரியும்.

கோழி முட்டை 21 நாளில் பொரிந்துவிடும். நாட்டு வாத்து, காக்கி கேம்ப்பெல், வெள்ளை பெக்கின் முட்டைகளுக்கு 28 நாள் ஆகும். மணிலா வாத்தின் சொந்த முட்டைக்கு 35 நாள். இத்தனை நாளும் ஓட்டின் நுண்துளைகள் வழியே உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். பொரிக்கும் வேளையில் முட்டையின் எடை ஏறக்குறைய 13 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். அதற்கு மேல் காய்ந்தால் உள்சவ்வு இறுகி, குஞ்சு திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்ளும். காயாமல் ஈரம் தங்கினால் முட்டையின் அகன்ற முனையில் காற்று தங்கும் காற்றறை சிறுத்து, குஞ்சு மூச்சுவிட இடமில்லாமல் ஓட்டுக்குள்ளேயே சாகும். தாய் வாத்து குளித்துவிட்டு நனைந்த வயிற்றோடு வந்து அடையில் உட்காரும். அந்த ஈரத்தை வேறு எந்த வழியிலும் நாம்தான் ஈடுகட்ட வேண்டும்.

முட்டை எடுப்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஆண் வாத்து இல்லாத மந்தையில் இட்டவை எல்லாம் கூமுட்டைதான். இட்டு 7 நாளுக்குள் அடைக்கு வைத்துவிடுங்கள். ஃபிரிட்ஜில் இருந்ததை எடுக்காதீர்கள். லேசான அழுக்கு இருந்தால் கழுவாமல் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும், ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சுதான் கிருமியை வெளியே நிறுத்துகிறது. ஹெசரகட்டாவில் உள்ள மத்திய அரசின் கோழி வளர்ப்பு நிறுவனத்தில் வாத்துப் பிரிவும் உண்டு. முட்டை கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள்.

இனி வழிகளுக்கு வருவோம். என் முதல் ஓட்டு அடைக்கோழிக்கு. காக்கி கேம்ப்பெல் முட்டையிடுவதில் கெட்டி, ஆனால் அடைக்கு உட்காருவது அபூர்வம். நாட்டு வாத்தையும் அடைக்கு நம்ப முடியாது. அதனால்தான் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வாத்து முட்டையைக் கோழிக்கு அடைவைப்பது பழைய வழக்கம். லெகார்ன் போன்ற முட்டைக்கோழி இதற்கு ஆகாது, நாட்டுக்கோழிதான் வேண்டும். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் ஏற்கெனவே ஓரிரு முறை பொரித்த பெட்டையாகக் கேட்டு வாங்குங்கள். இடம் மாறினால் சில கோழி அடையை விட்டுவிடும். அதனால் முதல் இரண்டு நாள் சாதாரண முட்டையை வைத்துப் பார்த்து, நிலையாக உட்கார்ந்த பிறகு இரவில் வாத்து முட்டையை மாற்றி வையுங்கள்.

கோழியிடம் குறையும் இருக்கிறது. நாட்டுக்கோழி முட்டை 40, 45 கிராம் இருக்கும். வாத்து முட்டை 65 கிராமுக்கு மேல். 12 கோழி முட்டையை மூடும் பெட்டைக்கு 8 வாத்து முட்டைதான் அளவு. ஆசைப்பட்டு கூடுதலாக வைத்தால், அது முட்டைகளை நடுவுக்கும் ஓரத்துக்கும் மாற்றிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொன்றும் முறை வைத்துக் குளிர்பட்டு, எல்லாமே கெடும். கனமான முட்டையை அதனால் சரியாகப் புரட்டவும் முடியாது. பென்சிலால் ஒரு பக்கம் குறி போட்டு, அது தீனிக்கு எழும்போது நீங்கள் திருப்பி வைக்க வேண்டும். மூன்றாவது குறைதான் பெரியது: கோழிக்குத் தண்ணீரில் வேலையில்லை, அதன் வயிறு எப்போதும் காய்ந்தே இருக்கும். கூடைக்கு அடியில் ஈரமண் பரப்பி அதன்மேல் வைக்கோல் போடுங்கள். இரண்டாம் வாரத்திலிருந்து தினம் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீரை முட்டைமேல் கையால் தெளியுங்கள். இடிக்குப் பயந்து கூடையில் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் வைக்கிற பெரியவர்களை மறுத்துப் பேச வேண்டாம், அப்படியே இருக்கட்டும். அந்தத் தண்ணீர் மட்டும் தவறக் கூடாது. செள்ளு (கோழிப்பேன்) ஏறினாலும் கோழி பாதியில் எழுந்துவிடும், கூடையை அடிக்கடி பாருங்கள்.

மணிலா வாத்து உங்களிடம் இருந்தால் கோழியைத் தேட வேண்டியதே இல்லை. முகத்தில் சிவப்புச் சதை படர்ந்த, தென் அமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட இந்த இனம் அடையில் உட்கார்ந்தால் அசையாது. 12 முட்டைக்கு மேலும் மூடும். ஈரத்தைத் தானே கொண்டுவரும். மற்ற வாத்துகளைப் போலக் கத்தாமல் மெல்லிய ஓசை மட்டுமே எழுப்புவதால், சுவரோடு சுவர் ஒட்டிய பெங்களூர் வாடகை வீட்டில் அது பெரிய நிம்மதி. ஆனால் பறக்கும், முங்கிக் குளிக்கத் தொட்டி வேண்டும், நாம் நினைத்த நேரத்தில் அடைக்கு உட்காராது. ஒரே கூட்டில் அதன் 35 நாள் முட்டையையும் 28 நாள் முட்டையையும் கலந்து வைக்கவே கூடாது. முதலில் பொரித்த குஞ்சுகளோடு அது எழுந்து போய்விட்டால் மீதி முட்டைகள் குளிர்ந்து வீணாகும்.

பறவை வைக்க இடமில்லாதவர்களுக்குப் பல்புப் பெட்டி. தெர்மோகோல் பெட்டி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும், சூட்டை ஒரே அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட் போர்டு, கம்ப்யூட்டர் ஃபேன், இரண்டு 40 வாட் இழை பல்பு போதும். எல்.இ.டி. பல்பு சூடு தராது. இரண்டு பல்பு ஏன் என்றால், ஒன்று ஃபியூஸ் போனாலும் மற்றது தாங்கும். பல்பு தெர்மோகோலைத் தொடாதபடி தகரத் தடுப்பு கட்டாயம், இல்லையென்றால் பெட்டி உருகித் தீப்பிடிக்கும். பாதி நேரம் எரிவதாக வைத்தாலும் தினம் ஒரு யூனிட் கரண்ட் ஆகும்.

ஃபேன் இருந்தால் 37.5 டிகிரி, இல்லையென்றால் முட்டையின் மேல்மட்டத்தில் 38.3க்குச் சற்று மேல். போர்டு காட்டும் எண்ணை நம்பிவிடாமல், காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரோடு சரிபாருங்கள். இந்தச் சூட்டில்தான் அது துல்லியமாகக் காட்டும். ஈரப்பதம் 25ஆம் நாள் வரை 55, 60 சதவீதம், பிறகு 70க்கு மேல். ஆழமான கிண்ணத்தில் தண்ணீர் வைப்பதைவிட அகலத் தட்டில் நனைந்த ஸ்பாஞ்ச் வைப்பது மேல், ஆவியாவது நீரின் பரப்பிலிருந்துதான். தினம் மூன்று அல்லது ஐந்து முறை திருப்புங்கள். ஒற்றைப்படை என்றால் ஒவ்வொரு இரவும் வேறு பக்கம் மேலிருக்கும். இரண்டாம் வாரம் முடிந்ததும் தினம் பத்து, பதினைந்து நிமிடம் மூடியைத் திறந்து ஆறவிட்டு, வெதுவெதுப்பான நீரை ஸ்ப்ரே செய்யுங்கள். கரண்ட் போனால் கம்பளியால் மூடி, சுடுநீர் பாட்டில் உள்ளே வைத்தால் சில மணி நேரம் தாங்கும். குளிரைவிடச் சூடு மிஞ்சுவதுதான் ஆபத்து, 40ஐத் தாண்டினால் கரு சீக்கிரம் செத்துவிடும். பெட்டி நன்றாக வேலை செய்யும்தான். ஆனால் 28 நாளும் வீட்டில் ஓர் ஆள் இருந்தாக வேண்டும். கணவன் மனைவி இருவரும் ஷிஃப்டுக்குப் போகும் வீட்டுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

உமி முறை பற்றிக் கேட்பவர்களுக்கு: வங்கதேசத்தின் கிஷோர்கஞ்ச் பகுதியில், சூடேற்றிய முட்டைகளைத் துணியில் கட்டி உமிக்கு நடுவே அடுக்கிப் பொரிக்கிறார்கள். பாதி நாள் தாண்டிய கரு தானே சூட்டை வெளியிடும். பழைய முட்டையின் சூட்டில் புது முட்டை வளரும். நூற்றுக்கணக்கில் முட்டை இருந்தால்தான் அது நிற்கும், எட்டு முட்டைக்கு எடுபடாது. அரிசி டப்பாவில் வைப்பது, கம்பளியில் சுற்றுவது எல்லாம் முட்டையை வீணாக்கும் வழிகள்.

மாதமும் முக்கியம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பெங்களூர் மதியக் காற்று மிக வறண்டிருக்கும். கோழிக்கு இரண்டு வேளை தெளிக்க வேண்டும், பெட்டியில் ஈரத்தை நிறுத்தப் போராட வேண்டும். ஜூன் முதல் அக்டோபர் வரை பெட்டிக்கு நல்ல காலம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் 15 டிகிரிக்கு இறங்குவதால் கோழி வெகுநேரம் எழுந்திருந்தால் முட்டை சில்லிட்டுவிடும்.

என்னிடம் யோசனை கேட்பவர்களுக்குக் கோழியையும் பெட்டியையும் சேர்த்தே சொல்கிறேன். அடைக்கோழியிடம் 8 முட்டை. மூன்றாம் வாரத்திலிருந்து பெட்டியும் சூடாகத் தயாராக இருக்கட்டும். 21 நாள் தாண்டிச் சில கோழி எழுந்துவிடும், அப்போது முட்டையை உடனே மாற்றலாம். எழாவிட்டாலும், கோடைகாலமானால் 25ஆம் நாள் பெட்டிக்கு மாற்றி, கடைசி மூன்று நாள் திருப்பாமல், திறக்காமல், ஈரத்தை உயர்த்தி விடுங்கள். அதுவரை கோழிக்கு அடியில் சாதாரண முட்டை இருக்கட்டும். பொரித்து உலர்ந்த குஞ்சுகளை இரவில் அதனிடம் சேர்த்தால் ஏற்றுக்கொள்ளும்.

7ஆம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிவப்பு நரம்பு படர்ந்திருந்தால் உள்ளே கரு வளர்கிறது. தெளிவாக இருப்பதை எடுத்துவிடுங்கள், அழுகினால் வெடித்து மற்றதையும் கெடுக்கும். வாத்துக் குஞ்சு ஓட்டைக் கொத்தித் துளைத்த பிறகு முழுதாக வெளிவர ஒன்றரை நாள், சில சமயம் இரண்டு நாள்கூட ஆகும். அவசரப்பட்டு ஓட்டை உரித்தால் ரத்தம் கசியும்.

பெட்டியில் பொரித்துத் தாயில்லாமல் வளரும் குஞ்சுக்கு முதல் வாரம் 32 டிகிரி சூடு வேண்டும். கோழி வளர்த்தாலும் சரி, நீங்கள் வளர்த்தாலும் சரி, இறகு முளைக்கும்வரை நீந்த விடாதீர்கள், நனைந்தால் விறைத்துவிடும். மூக்கு முங்கும் ஆழத்தில் குடிநீர் போதும். கோழிக்குஞ்சுத் தீவனத்தில் வாத்துக்குப் போதுமான நியாசின் (ஒரு பி வைட்டமின்) இருக்காது. கொஞ்சம் ப்ரூயர்ஸ் ஈஸ்ட் கலந்து கொடுங்கள். பூஞ்சை பிடித்த மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் கிட்டவே வரக் கூடாது. அதிலுள்ள அஃப்ளாடாக்சின் நஞ்சு கோழியைவிட வாத்துக் குஞ்சைச் சீக்கிரம் கொல்லும்.