100 மி.லி. சூப்பர்கிரிட்டிக்கல் கலம்: எட்டு மாதம் ஓட்டிய பிறகு

எலும்பு செல்கள் பற்றிப் பிடித்து வளரத் துளைகள் நிறைந்த சாரம் (scaffold) செய்வதுதான் என் வேலை. பொருள் பி.எல்.ஜி.ஏ., உடலுக்குள் மெல்லச் சிதைந்துவிடும் பாலிமர். முன்பு அதை டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானில் கரைத்து, உப்புத்தூள் கலந்து காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு உப்பை எடுப்போம்; உப்பு இருந்த இடம் துளையாகும். நாள்கணக்கில் வெற்றிடத்தில் வைத்தாலும் கரைப்பான் முழுக்கப் போயிருக்குமா என்ற பயம் மட்டும் போகாது. கரைப்பானுக்குப் பதில் அழுத்திய கார்பன் டை ஆக்சைடில் வேலை செய்யும் இந்தக் கலத்தை வாங்கச் சொல்லி நான் பிடிவாதம் பிடித்தது அதனால்தான்.

கார்பன் டை ஆக்சைடு 31 டிகிரி, 74 பார் அழுத்தத்தைத் தாண்டினால், வாயுபோல ஊடுருவி திரவம்போல அடர்ந்திருக்கும் சூப்பர்கிரிட்டிக்கல் நிலைக்குப் போய்விடும். பாலிமர் தூளை டெஃப்லான் அச்சில் போட்டு 40 டிகிரி, 120 பாரில் ஒரு மணி நேரம் விடுகிறேன். வாயு உள்ளே ஊறி, இளக 45 டிகிரியாவது வேண்டியிருக்கும் சரக்கை அதற்கு முன்பே இளக்கிவிடுகிறது. அழுத்தத்தை இறக்கினால் இட்லி மாவுபோலப் பொங்கி, அப்படியே இறுகிவிடும். கரைப்பான் ஒரு சொட்டும் இல்லை. சூடும் குறைவு என்பதால் புரதத்தையும் உள்ளே வைக்கலாம். 2001-இல் நாட்டிங்ஹாமில் ஹவ்டல் குழுவினர் என்சைம்களை இப்படி வைத்து, அவை செயல் இழக்காததைக் காட்டினார்கள்.

சரி, குறைக்கு வருகிறேன். அழுத்தத்தை இறக்கும் வேகம்தான் துளையின் அளவைத் தீர்மானிக்கிறது. சட்டென்று இறக்கினால் பொடித்துளை. 40 நிமிடம் எடுத்து மெல்ல இறக்கினால் பெரிய துளை, எனக்கு வேண்டியது அதுதான். ஆனால் இந்தக் கலத்துக்குக் கைத்திருகு வால்வு. வெளியேறும் வாயு விரிந்து குளிர்ந்து, வால்வின் வாயில் உலர்பனியாக அடைத்துக்கொள்கிறது. ஒரு நாள் அடைப்பு விட்டதும் 30 பார் ஒரே மூச்சில் இறங்கியது. சாரத்தை பிளேடால் வெட்டிப் பார்த்தேன்: பெரிய துளைகளுக்கு நடுவே சுவரெல்லாம் ஊசிமுனைத் துளைகள். ஒரு வாரச் செல் சோதனைக்கு வைத்திருந்த தொகுதி அது. கலத்தின் மூடியைக் கசியாமல் அடைக்கும் ரப்பர் ஓ-ரிங்கும் அன்றே கொப்புளித்துப் போனது.

இப்போது வால்வைச் சுற்றிச் சூடேற்றும் நாடா கட்டியிருக்கிறோம், அடைப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. சாரத்தின் மேல் துளையில்லாத தோல் படிவது மட்டும் மாறவில்லை. அதைச் சீவித்தான் எடுக்க வேண்டும்.

ஐந்துக்கு நான்கு தருவேன். வாங்குபவர்கள் பணத்தைக் கலத்தின் கொள்ளளவில் போடாமல், சூடேறும் தானியங்கி வால்வில் போடுங்கள். அப்புறம், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்கு ஆர்டர் சொல்லும்போது உள்ளே அடிவரை குழாய் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் பம்புக்குத் திரவம் வராது, வாயுதான் வரும். அழுத்தம் ஏறவே ஏறாது.