திருச்சியில் மிச்ச ரூபாயை மாற்றிய அனுபவம்

திருச்சி மத்திய பேருந்து நிலையத்தைச் சுற்றி டீக்கடைக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது மணி சேஞ்சர் போர்டுதான். பட்டுக்கோட்டை, புதுக்கோட்டைப் பக்கத்துச் சனமெல்லாம் சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று போய்வருவது இந்த வழியாகத்தானே. என்னைப் போலச் சிங்கப்பூரிலிருந்து வருகிறவர், கொண்டுவந்த வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) கொடுத்து ரூபாய் வாங்க ஒரு சிக்கலும் இல்லை. ரெண்டு கடை ஏறி இறங்கினால் பத்துக்காசு இருபதுகாசு கூட்டிக்கூடத் தருவார்கள். சிங்கப்பூருக்குத் திரும்பும்போது மிச்ச ரூபாயை வெள்ளியாக்கிக் கொடுங்கள் என்றால்தான் முகம் மாறுகிறது.

இந்தத் தடவை கையில் நாற்பதாயிரம் சொச்சம் தங்கிவிட்டது. பாதி நான் மாற்றிய பணம். மீதி, கிளம்பும் நேரத்தில் சித்தப்பா கையில் திணித்த குத்தகைப் பணம்.

முதலில் போன கடையில் என் சிங்கப்பூர் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும், "உள்ளூர்க்காரங்க பாஸ்போர்ட் இருந்தா கொண்டாங்க சார், அவங்க பேர்ல பில் போட்டுக்கலாம்" என்றார்கள். கூட வந்த மச்சான் சட்டென்று, "என்னோடது வீட்ல இருக்கு, எடுத்துட்டு வந்துடவா?" என்றான். வேண்டாமென்று கிளம்பிவிட்டேன். வெளிநாடு போகிற உள்ளூர்க்காரருக்குத்தான் புதிதாக வெளிநாட்டுப் பணம் விற்கலாம். எங்கேயும் போகாத மச்சான் பேரில் பில் போட்டுவிட்டு, நாளைக்கு யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியவன் அவன்தான்.

வெளியிலிருந்து வந்தவர்களுக்கு உள்ள வழி வேறு. நாம் கொண்டுவந்து மாற்றியதில் செலவாகாததைத் திருப்பி மாற்றிக்கொள்ளலாம். அதற்கு முதல்முறை மாற்றியபோது கொடுத்த என்கேஷ்மென்ட் சர்டிபிகேட், அதாவது வெளிநாட்டுப் பணத்தை ரூபாயாக்கியதற்கான சான்றுச் சீட்டு வேண்டும். மூன்று மாதம் செல்லும். அடுத்த கடையில் இருந்த பெரியவர் அதைத்தான் முதலில் கேட்டார், பிறகு பாஸ்போர்ட், டிக்கெட். கால்மணி நேரத்தில் வேலை முடிந்தது. அந்தச் சீட்டு இல்லாவிட்டால், ஏழு நாளுக்குள் பயணம் இருந்தால், 10,000 ரூபாய் வரை கடைக்காரர் மனசு வைத்தால் தரலாம். ஏடிஎம்மில் எடுத்த பணமாக இருந்தால் ஏடிஎம் சீட்டைக் காட்டி 50,000 வரை மாற்றலாம்; ஆனால் அது வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிக்கு மட்டும், என்ஆர்ஐக்கு (வெளிநாடுவாழ் இந்தியருக்கு) கிடையாது. இந்தியப் பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போயிருக்கும் தம்பிகள் இதைக் கவனிக்கணும். வெள்ளி மாற்றும்போது "பில் வேணுமா?" என்று கேட்டால் பெரிய மனுசனாட்டம் வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள், அந்தச் சர்டிபிகேட்டையும் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பில்லில் ஜிஎஸ்டி என்று இருந்ததைப் பார்த்து மச்சான் பதறினான். 18 சதவீதம் மொத்தத் தொகைக்கு இல்லை. ஒரு லட்சம் வரைக்கும் தொகையில் ஒரு சதவீதத்தைத்தான் மதிப்பாக எடுத்துக்கொண்டு, அதற்கு 18 சதவீதம் போடுகிறார்கள். குறைந்தபட்சம் 45 ரூபாய். ரெண்டாயிரம் மூவாயிரத்தை மாற்றப் போனால் அந்த 45ம் உறுத்தும்.

குத்தகைப் பணம் இந்தக் கணக்கில் வராது. முறைப்படி என்ஆர்ஓ கணக்கில், அதாவது வெளிநாட்டில் இருப்பவர் தன் இந்திய வருமானத்தைப் போடும் வங்கிக் கணக்கில் போட வேண்டியது அது. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கான என்ஆர்இ கணக்கில் ரூபாய் நோட்டைக் கட்ட முடியாது. என்ஆர்ஓவிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்ப வருமான வரிப் படிவம், தொகையைப் பொறுத்து ஆடிட்டர் சான்றிதழ் என்று போகும். நம் குத்தகை ஆடிட்டருக்கே பத்தாது. கணக்கில் போட்டுவிட்டேன், அடுத்த வருசம் கோயில் கொடைக்கு ஆகும்.

சில்லறைச் செலவுக்கு வைத்திருந்த கொஞ்சம் ரூபாயை மாற்றவே இல்லை. விமான நிலையம் வழியாகப் போகிறவர் 25,000 ரூபாய் வரை இந்திய நோட்டைக் கையில் கொண்டுபோகலாம். வெளிநாட்டுக்காரருக்கும் இது பொருந்தும், பாகிஸ்தான், பங்களாதேஷ் குடிமக்கள் நீங்கலாக. விமான நிலைய கவுண்டர் ரேட்டில் அவசரப்பட்டு மாற்றுவதைவிட, அடுத்த பயணத்துக்கு ஆட்டோ காசு என்று எடுத்துவைத்துக்கொள்வது மேல். தேவைப்பட்டால் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் ரூபாய் வாங்கும் மணி சேஞ்சர்களுக்குப் பஞ்சமா என்ன.

கொண்டுபோகும் நோட்டை மட்டும் ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள். 2000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறுவதாக 2023 மே மாதம் அறிவித்தார்கள். அந்த அக்டோபரோடு வங்கிகள் வாங்குவதை நிறுத்திவிட்டன. சித்தப்பா பீரோவில் நாலு கிடந்தது. சென்னை ராஜாஜி சாலை ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பி அவர் கணக்கிலேயே வரவு வைக்கச் சொல்லலாம். அந்த வேலை மச்சான் பொறுப்பு.