பழைய காரில் வந்து வந்து மறையும் வார்னிங் லைட்

எங்கள் 2013 மாடல் பெட்ரோல் காரில் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) விளக்கும் பவர் ஸ்டியரிங் விளக்கும் சேர்ந்தே எரியும். வண்டியை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் இரண்டும் போய்விடும். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகும் நாளில் மட்டும் எரியவே எரியாது. "வீல் சென்சார் போயிருக்கும், மாத்திடலாம் சார்" என்றார் மெக்கானிக். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு சென்சார் போனால் ஸ்டியரிங் விளக்கு ஏன் கூடவே எரிய வேண்டும்? இரண்டுக்கும் பொதுவான கரண்டில்தான் ஏதோ கோளாறு என்று தோன்றியது.

விளக்கு எரியும் நேரத்தையெல்லாம் போனில் குறித்துவைத்தேன். பெரும்பாலும் மழை பெய்யும் ராத்திரிகள். ஹெட்லைட், வைப்பர், ஏசி மூன்றும் ஓடும் நேரம். காரின் கம்ப்யூட்டரில் பதிவாகும் கோளாறுக் குறியீடுகளை (கோடு) படிக்கும் விலை குறைந்த ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் இங்கே உதவவில்லை, அது பெரும்பாலும் இன்ஜின் கோடுகளை மட்டுமே படிக்கும். ஏபிஎஸ் வரைக்கும் படிக்கிற ஸ்கேனரை ஒரு நண்பரிடம் வாங்கிப் போட்டதும், வோல்டேஜ் குறைவு என்று கோடு வந்தது. அதை அழிக்கும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அழித்தால் தடயமும் போய்விடும்.

அப்புறம் எல்லாம் வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர் வேலை. இன்ஜின் அணைத்திருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட், அது சரி. இன்ஜின் ஓட்டத்தில், ஹெட்லைட், ஏசி என எல்லா லோடும் போட்டால், 14 இருக்க வேண்டிய இடத்தில் 13 சொச்சம்தான் காட்டியது. பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைச் சந்தேகிக்கும் முன், அதே லோடில், மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் உடம்பிலும் வைத்துப் பார்த்தேன். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது முக்கால் வோல்ட்டைத் தொட்டது. கோளாறு பேட்டரி நெகட்டிவை வண்டியின் உடம்போடு இணைக்கும் எர்த் வயரில்! போல்ட்டுக்கு அடியில் பச்சை பூத்திருந்தது. புது வயர் போட்டு, தொடும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்தோம். சென்சாருக்குச் சொன்ன விலையில் இது ஒரு சிறு பங்குகூட இல்லை. அதற்குப் பின் ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டியாயிற்று, அந்த விளக்குகள் வரவில்லை.

பழைய வண்டிக்காரர்கள் ஸ்கேனருக்கு முன்னால் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள் என்பேன்.

ஆனால் சிவப்பு விளக்கு என்றால் இப்படி நாள்கணக்கில் குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. வளைவில் டேஷ்போர்டின் பிரேக் விளக்கு மினுக்கினால் அன்றைக்கே பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள். பேட் தேய்ந்தாலும் அளவு இறங்கும், கசிவும் இருக்கலாம். ஆயில் பிரஷர் விளக்கு ஓட்டத்தில் எரிந்தால் வண்டியை ஓரம்கட்டி உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள்.