யாழ்ப்பாணத்தில் சென்ற் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு கடை

பெரிய கடைப் பக்கம் ஒரு சின்ன அத்தர்க் கடை இருக்கிறது. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வாசலில்தான். போன மாதம் மட்டும் மூன்று தரம் போய்விட்டேன்.

தங்கச்சியின் கல்யாணத்துக்கென்று ரவுணில் வேறொரு கடையில் 8000 ரூபாய்க்கு ஒரு போத்தல் வாங்கியிருந்தேன். கடையில் தாளில் அடித்து மணந்தபோது தோடம்பழத்தை அப்போதுதான் உரித்தது போல அருமையான வாசம், ஆனால் தாலி கட்டி முடிவதற்குள் ஒன்றுமே இல்லை. சரியான கவலை. இந்தக் கடை நானாவிடம் அதைச் சொன்னேன். பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார், அடுத்த முறை கொண்டுபோனேன், கீழே சின்ன எழுத்தில் ஓ டி ட்வாலெட் என்று இருந்ததைக் காட்டினார். அது பெயர் இல்லை, அளவு. வாசனை எண்ணெய் நூற்றுக்கு 5 முதல் 15 வரை, மிச்சம் அற்ககோலும் தண்ணீரும். ஓ டி பர்பம் என்றால் 15 முதல் 20 வரை இருக்கும், கொலோன் அதைவிடக் குறைவு.

"நீங்க மணந்தது தலை வாசம் தம்பி, வாங்க வேண்டியது அடி வாசத்தை" என்றார். தோடை, தேசி, பெர்கமோட் எல்லாம் இலேசான சாமான், கால் மணி நேரத்தில் பறந்துவிடும். அதற்குப் பிறகு மல்லிகை, ரோசா போன்ற நடு வாசம் வரும். சந்தனம், வெட்டிவேர், பச்சோலி, கஸ்தூரி மாதிரிப் பாரமானவைதான் அடியில் மணிக்கணக்காக நின்று மற்றதையும் பிடித்து வைத்திருக்கும். இதை விளக்கிவிட்டு, என் மணிக்கட்டில் வெட்டிவேர் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி, சந்தைக்குப் போய்விட்டு வாங்கோ என்று அனுப்பிவிட்டார். வாங்கு வாங்கு என்று நெருக்கவே இல்லை. முதலில் பச்சைப் புல்லை நசுக்கின மாதிரிக் காரமாக இருந்தது, மரக்கறி வாங்கிக்கொண்டு பஸ் ஸ்ராண்டைத் தாண்டும்போது காய்ந்த தறையில் முதல் மழை விழுந்த வாசம். திரும்பிப் போய் 3 மில்லி வாங்கினேன், அதைக் கால் தோலா என்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய நேர்மை. மலிவான ரோசா அத்தரைக் கேட்டால், இது ரோசா இல்லை, ரோசா மாதிரி என்றே சொல்லுவார். ஒரு கிலோ ரோசா எண்ணெய்க்கு இதழ் மட்டும் 3, 4 தொன் வேண்டும், பிறகு எப்படி மலிவாகக் கொடுப்பது? கஸ்தூரி என்று எழுதிய போத்தலில் இருப்பது மானின் கஸ்தூரி இல்லை, ஆய்வுகூடத்தில் செய்தது, அதையும் மறைக்கமாட்டார். ஊத் என்பது எங்களுடைய பழைய அகில்தான். மரத்தில் பூஞ்சணம் பிடித்தால் அதை எதிர்க்க மரம் சுரக்கும் பிசின் அது. எங்கள் நாட்டு வல்லப்பட்டை மரமும் அதே குடும்பம்தான், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அதைக் கடத்தி அடிக்கடி பிடிபடுவது அந்தப் பிசினுக்காகத்தான். அசல் ஊத் தன்னிடம் இல்லை என்று அவரே சொல்லிவிட்டார்.

குறையும் இருக்கிறது. எந்தப் போத்தலிலும் விலை ஒட்டவில்லை, ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். உருட்டுப் போத்தலின் மூடி இறுக்கமில்லை, சட்டைப் பையில் கசிந்து நல்லூருக்குக் கட்டின வேட்டியில் பச்சையாக ஒரு கறை பட்டுவிட்டது, இன்னும் போகவில்லை. வெட்டிவேரைச் செம்புப் பானையில் வடிப்பதால்தான் அந்தப் பச்சை என்றார். வாங்கும்போதே சொல்லியிருக்கலாம். வேறு மூடி போட்டுத் தந்தார், அது கசியவில்லை. எண்ணெய் அத்தரைத் துணியில் தடவாதீர்கள், காதுக்குப் பின்னால், மணிக்கட்டில் தடவுங்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் பூட்டு. பின்னேரம் 4 மணிக்குப் பிறகு போங்கள், மத்தியான வெயிலில் வேர்த்து விறுவிறுத்துப் போனால் எந்த வாசமும் பிடிபடாது.