‘அவன் கேட்டானா?’ என்ற வரி காணாமல் போன ஒரு புதுமைப்பித்தன் தொகுப்பு

போன மாதம் பஸ் நிலையப் பக்கம் போனபோது வழக்கமாக எட்டிப் பார்க்கும் புத்தகக் கடையில் சிறுகதை எழுத்தாளர் புதுமைப்பித்தனின் தெரிவுக் கதைகள் என்று ஒரு தொகுப்பு கிடந்தது. 950 ரூபாய். இந்திய விலையை மறைத்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள், அதைச் சுரண்டிப் பார்க்கவில்லை, பார்த்தால் வயிறு எரியும். இந்தியாவிலிருந்து வருகிற புத்தகத்துக்குத் திருகோணமலையில் இந்த விலை பரவாயில்லை என்று எடுத்துவிட்டேன். கடை பற்றி ஒரு குறையும் இல்லை. ஐயா நல்ல மனிதர், நின்றுகொண்டே அரை மணித்தியாலம் வாசித்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டார். குறை முழுக்கப் புத்தகத்தின் மேல்தான்.

முதலில் மேலோட்டமானவை. அட்டையில் கலண்டரில் வருகிற மாதிரி ஒரு பெண், கூந்தல் இடுப்புவரை, கையில் குடம். உள்ளே இருக்கிற ஒரு கதைக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. பசை போட்டு ஒட்டிய கட்டு. டச்பே கடற்கரையில் இரண்டு பின்னேரம் வைத்து வாசித்ததிலேயே உப்புக்காற்றுக்கு நடுப்பக்கங்கள் கழன்றுவிட்டன. இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ‘சாபவிமோசனம்’ கதைக்கு நடந்தது.

1943இல் கலைமகள் இதழில் வந்த கதை. அகலிகை கல்லானதும் இராமன் பாதத்தூசி பட்டு எழுந்ததும் எல்லாருக்கும் தெரியும். புதுமைப்பித்தன் அங்கே முடிக்காமல், எழுந்த பிறகு அவள் எப்படி வாழ்ந்தாள் என்று கேட்கிறார். கேள்வி அவ்வளவுதான், ஆனால் அதைக் கேட்க ஒருவர் வர இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. வால்மீகியில் அவள் கல்லாகவே ஆகவில்லை, காற்றை உண்டு சாம்பலில் கிடக்கிறாள். கல் கம்பனில் உண்டு. அந்தக் கம்பனிலும் ‘நெஞ்சினால் பிழைப்பிலாள்’ என்று விசுவாமித்திரன் அவள் கணவன் கோதமனுக்குப் பரிந்துரை செய்கிறான். மன்னிப்பு கிடைத்தாயிற்று, கதை சுபம், எல்லாரும் மிதிலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

புதுமைப்பித்தனின் கோதமன் கெட்டவன் இல்லை, அதுதான் கதையின் வலு. புற்று மூடும்வரை தவத்தில் கிடந்தவன், எழுந்து வந்து மனசறியாமல் நடந்தது பாவமாகாது என்று யோசித்து முடிக்கிறான். அழகான தர்க்கம், அவனுடைய தலைக்குள் கணக்கு நேராகிவிட்டது. அவளுக்கோ எதிரே வருகிற ஆண் எல்லாரும் இந்திரனாகத் தெரிகிறார்கள். முன்பிருந்த பேச்சும் விளையாட்டும் போய்விட்டன. ஒரு வார்த்தை சொல்வதற்கு முன் அதை மனசுக்குள் ஆயிரம் தடவை திருப்பிப் பார்க்கிறாள், நாலு கோணத்திலிருந்தும் ஆராய்கிறாள், அவன் சாதாரணமாகச் சொல்கிறதில்கூட உள்ளர்த்தம் இருக்குமோ என்று பதறுகிறாள். இந்த இடத்தில் நான் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணவன் அடிக்கவில்லை, திட்டவில்லை, அன்பாகத்தான் இருக்கிறான். ஆனாலும் ஒவ்வொரு வாக்கியத்தையும் எடை போட்டுப் பேசுகிற பெண்களை எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

கல் என்பது இந்தக் கதையில் இரண்டு முறை வருகிறது. இரண்டும் வேறு வேறு கல். முதலாவது ஒரு ஆண் கோபத்தில் சொன்ன ஒரு சொல்லால் ஆனது. கடைசியில் வருவதை யாரும் சபிக்கவில்லை, அவளாகத்தான் ஆகிறாள். அதற்குப் பிறகு வருகிற வரியைப் பாருங்கள்: ‘மனச் சுமை மடிந்தது.’ தலைப்பில் உள்ள விமோசனம் எது என்று அங்கேதான் சந்தேகம் வருகிறது. இராமன் கொடுத்ததா, இல்லை அவளே எடுத்துக்கொண்டதா? ஆற்றங்கரையில் ‘அவள்தான் அகலிகை’ என்று மற்றப் பெண்கள் விலகிப் போகிற காட்சியும் இருக்கிறது. போர் முடிந்து தனியாக ஊர் திரும்பிய பெண்களைப் பற்றிக் குழாயடியில் ‘அவள்தான்’ என்று தொடங்கிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவளுக்கு இதற்கு உரை தேவையில்லை.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். வனவாசம் முடிந்து சீதை வந்து அகலிகையிடம் தீக்குளித்ததைச் சொல்கிறாள். அவர் கேட்டாரா, நீ ஏன் செய்தாய் என்று அகலிகை கேட்கிறாள். ‘அவர் கேட்டார், நான் செய்தேன்’ என்று சீதை அமைதியாகச் சொல்கிறாள். அடுத்த வரி ‘அவன் கேட்டானா?’ என்று கத்தினாள் அகலிகை. தன்னைக் கல்லிலிருந்து எழுப்பிய தெய்வம், அதுவரை ‘அவர்’. அந்த நிமிடத்தில் ‘அவன்’. மரியாதை விகுதி ஒன்று கழன்று விழுகிறது, கதை மொத்தமும் அந்த விகுதியில்தான் தொங்குகிறது. நம்முடையது மாதிரி மொழிகளில்தான் ஒரு பெண்ணின் கோபத்தை இப்படி ஒரு எழுத்தை மாற்றிக் காட்ட முடியும் என்று நினைக்கிறேன், சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை.

இந்தத் தொகுப்பில் அந்த வரி எப்படி இருக்கிறது தெரியுமா? ‘அவர் கேட்டாரா?’ என்று கத்தினாள் அகலிகை. அவ்வளவுதான். இப்போது அவள் காது கேளாதவள் மாதிரி ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்கிறாள். முதலில் அச்சுப்பிழை என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் ‘ன்’ ‘ர்’ ஆகி, ‘டானா’வும் ‘டாரா’வாக ஒழுங்காக மாறியிருக்கிறது. கை தவறினால் இரண்டு இடத்திலும் இலக்கணம் பார்த்துத் தவறாது. யாரோ உட்கார்ந்து பக்தியோடு திருத்தியிருக்கிறார்கள். என் சந்தேகத்தைத் தீர்க்க மச்சாளின் வீட்டுக்குப் போய் ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த காலச்சுவடு பதிப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் ‘அவன்’ இருக்கிறது. அதோடு கதைத் தலைப்புக்குக் கீழே ஆசிரியர் எழுதிய சின்னக் குறிப்பும் இருக்கிறது. இராமாயணம் தெரிந்தவர்களுக்கு இந்தக் கதை பிடிபடாமல், பிடிக்காமல்கூட இருக்கலாம், அதை நான் பொருட்படுத்தவில்லை என்கிற குறிப்பு. என்னுடைய புத்தகத்தில் அதையும் தூக்கிவிட்டார்கள். பொருட்படுத்தாத மனிதரின் புத்தகத்தை இவ்வளவு பொருட்படுத்தி வெட்டியிருக்கிறார்கள்.

புதுமைப்பித்தன் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அதில் எனக்குச் சந்தோஷம்தான், அதனால்தான் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் நாட்டுடைமை என்றால் நாட்டில் உள்ள எல்லாரும் திருத்தலாம் என்று அர்த்தமில்லை.

இன்னொன்று. இந்தக் கதையைத் திருகோணமலையில் இருந்து வாசிப்பது கொஞ்சம் வேறு மாதிரி. கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவை எட்டிப் பார்க்கிறோம், கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனால் தாய்க்குக் கடன் செய்ய இராவணன் உண்டாக்கினது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். இங்கே அவன் நம்ம ஊர் ஆள். என்னுடைய அம்மம்மா இராமாயணம் சொன்னால் தீக்குளிப்பு வருகிற இடத்தில் எப்போதும் எரிச்சல்படுவா. “அவன் தொடவே இல்லையாம், பிறகென்னத்துக்குத் தீயும் கோதாரியும்?” என்பா. புதுமைப்பித்தனை அவ வாசித்தது கிடையாது. அவவுக்கும் அந்த இடத்தில் இராமனுக்கு ‘அவர்’ வராது.

கோணேசர் கோயில் இருக்கிற அதே சாமிமலையில், கடலில் குதித்த ஒல்லாந்துப் பெண் என்று கதை சொல்லப்படுகிற ஒரு கல்தூணும் நிற்கிறது. ஒரு பெண்ணைப் பற்றி நமக்கு ஞாபகமிருக்க அவள் கல்லாக வேண்டியிருக்கிறது போல. (இது என்னுடைய பைத்தியக்கார யோசனை, விடுங்கள்.)

கதையில் எனக்கு மனத்தாங்கலும் உண்டு. சீதையை இன்னும் கொஞ்சம் பேச விட்டிருக்கலாம். ‘உலகத்துக்கு நிரூபிக்க வேண்டாமா?’ என்று மெதுவாகச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறாள். அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு? கசப்பா, பழகிப்போனதா? ஒவ்வொரு வாசிப்பிலும் எனக்கு மாறுகிறது. கடைசியில் அகலிகை கல்லாகிறாள், கோதமன் துறவியாகிக் கைலாயப் பக்கம் நடக்கிறான். அவனுக்கு நடந்து போக ஒரு திசை இருக்கிறது, அவளுக்கு நின்ற இடம்தான். இதை ஆசிரியரின் குறை என்பதா, உலகத்தின் குறை என்பதா தெரியவில்லை.

தொகுப்பில் ‘பொன்னகரம்’ உண்டு. அது தப்பித்துவிட்டது, கடைசி வரியில் ‘கற்பு, கற்பு என்று கதைக்கிறீர்களே!’ அப்படியே இருக்கிறது. ‘கதைக்கிறீர்களே’ என்பதைப் பார்த்ததும் நம்ம ஊர்க்காரர் யாரோ கேட்கிற மாதிரி இருக்கும், எனக்கு அந்த வரி பிடிக்க அதுவும் ஒரு காரணம். மற்றக் கதைகளை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, பார்க்கப் பயமாக இருக்கிறது.

கடை ஐயாவிடம் சொன்னேன். கண்ணாடியைப் போட்டு வாசித்துப் பார்த்துவிட்டு, “இதென்ன பிள்ளை, அவரை அவன் எண்டு சொன்னால் நல்லாவா இருக்கும்?” என்று சிரித்தார். பிறகு, வேண்டுமென்றால் திருப்பித் தரலாம் என்றார். நான் தரவில்லை. பென்சிலால் திருத்திவிட்டேன், கதையின் முன்குறிப்பையும் மேலே எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள் வாங்குவதென்றால் முழுத் தொகுப்பாக நல்ல பதிப்புக்குச் செலவழியுங்கள், விலை கூடத்தான், ஆனால் கட்டும் கழராது. மலிவுப் பதிப்புத்தான் முடியும் என்றால் காசு கொடுக்கமுன் கடையில் நின்றே ‘சாபவிமோசனம்’ கடைசிப் பக்கங்களைத் திறந்து அந்த வரியைத் தேடுங்கள். ‘அவன்’ என்று இருந்தால் எடுங்கள்.