எக்ஸ்பிக்கு நிரல் எழுத: நோட்பேட் பிளஸ் பிளஸா, விஎஸ் கோடா?

யாழ்ப்பாணக் கடைகளில் பில் போடும் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினிக்கு மென்பொருள் எழுதுபவர் முதலில் பார்க்க வேண்டியது, எந்தக் கணினியில் இருந்து எழுதப்போகிறோம் என்பதைத்தான்.

நோட்பேட் பிளஸ் பிளஸ், விஎஸ் கோட் இரண்டும் நிரல் எழுதும் செயலிகள். கடையிலேயே இருந்து திருத்துவதென்றால் நோட்பேட் பிளஸ் பிளஸ். அதன் 7.9.2 பதிப்பு எக்ஸ்பியில் ஓடும். நினைவகமும் குறைவாகவே எடுக்கும். விஎஸ் கோட் அங்கே ஓடவே ஓடாது. விண்டோஸ் 7க்கும் 1.70 பதிப்போடு கதை முடிந்தது.

வீட்டில் புதிய மடிக்கணினியில் எழுதி, மெய்நிகர் இயந்திரத்தில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) எக்ஸ்பியை வைத்துச் சோதிப்பவருக்கு விஎஸ் கோட்தான் கனக்க உதவும். நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git), எழுத எழுத வரும் பரிந்துரை எல்லாம் ஒரே இடத்தில்.

ஒன்றைக் கவனியுங்கோ: விஎஸ் கோட் கோப்பை இயல்பாக யுடிஎஃப்-8 (UTF-8) என்ற எழுத்துக் குறியாக்கத்தில், அதை அடையாளம் காட்டக் கோப்பின் தொடக்கத்தில் வரும் பிஓஎம் (BOM) குறி இல்லாமல் சேமிக்கும். பழைய விஷுவல் சி பிளஸ் பிளஸ் கம்பைலர் (நிரலை இயங்கும் மென்பொருளாக மாற்றுவது) அதை ஆன்சி (ANSI) என்ற பழைய குறியாக்கம் என்று வாசித்துவிடும்; பற்றுச்சீட்டில் தமிழ் குழம்பும். விஎஸ் கோடின் கீழ்ப்பட்டையில் குறியாக்கத்தை பிஓஎம் உள்ள யுடிஎஃப்-8க்கு மாற்றிவிட்டுச் சேமியுங்கோ.